ஈரத்துணிக்காரர்

துணியை நனைத்து, முறுக்கிப் பிழிந்து, நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுக்கிறார். காலை எட்டேகால். எதிர்வீட்டு மாடிக்கும் அதன் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாக வெயில் ஒரு பட்டையாக அந்த அறைக்குள் விழுவது இந்த நேரத்தில்தான். இருபது நிமிஷம் நிற்கும், அப்புறம் போய்விடும். அந்த இருபது நிமிஷமும் மின்விசிறி ஓடக்கூடாது, கதவு ஆடக்கூடாது, யாரும் குறுக்கே நடக்கக்கூடாது. வெயிலுக்குள் மிதந்துகொண்டிருப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"இறங்குதா பாருங்க... சார். இறங்காது... நானும் பாத்துட்டேன்."

மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு. உட்கார்ந்த இடத்திலேயே நாலு மாடி ஏறி வந்தவர் மாதிரி வாங்குகிறது. வயது ஐம்பத்தொன்று, எழுபது என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். படுத்தால் நெஞ்சு அடைக்கிறது என்று மூன்று தலையணையை முதுகுக்கு அண்டைக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். தூங்குகிறார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான்.

எங்கள் கட்டடத்தில் அவருக்கு ஈரத்துணிக்காரர் என்று பெயர். நான் மேல்வீடு, அவர் கீழ்வீடு. யாராவது பார்க்கப் போனால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். செய்தித்தாளைத் துடைத்துவிட்டுப் பிரிப்பார். அவர் வீட்டில் துடைப்பம் கிடையாது. போர்வையை உதறினால் அன்றைக்கு வீட்டில் பேச்சு வார்த்தை கிடையாது. "வீட்ல எல்லாத்தையும் துடைச்சாச்சு சார், நான் ஒருத்திதான் பாக்கி" என்பாள் அவர் மனைவி. நான் மேலே அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து லேசாகத் தட்டினாலும் போதும், கீழேயிருந்து ஊன்றுகிற கம்பால் கூரையில் டொக் டொக் என்று இடிப்பார். எனக்குக் கோபம் வரும். இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று கிளம்புவேன். போனால் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பார், எனக்காக.

பட்டறை வேலை. சமையல் மேடைக்கும் கைகழுவும் தொட்டிக்கும் கல் அறுத்து, விளிம்பு தேய்த்துப் பளபளப்பாக்குகிற பட்டறை. மலையில் வெட்டியெடுத்த கல் அல்ல. பொடித்த கல்லைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்கிற பலகைக் கல். இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் தேய்த்தார். விளிம்பு தேய்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் ஒரு தடவு தடவுவார். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கை சொல்லிவிடும். ஒரு தடவை என் வீட்டுச் சமையல் மேடையை அப்படித் தடவிப் பார்த்துவிட்டு, "எவன் தேய்ச்சது? அவசரக் கை" என்றார். பத்து வருஷமாக அந்த மேடையில் டீ போட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அது கரடுமுரடாகத் தெரிந்தது.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். அகராதிக் கிறுக்கும் உண்டு. போன வருஷம் ஒருநாள் நெஞ்சுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தார். மேலே வர முடியவில்லை. நான் இறங்கிப் போனேன். பரிசோதித்த டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாராம், அது என்ன என்று கேட்டார். "நுண்துகள்னு சொன்னாரு சார். தூசிதானே அது? தூசின்னா தூசின்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே?"

எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மனிதர் நுரையீரலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் ஓடிப்போய் அகராதியை எடுத்துவந்தேன். துகள்: தூள், புழுதி, பூந்தாது, குற்றம். படித்துக் காட்டினேன். அவர் கடைசி வார்த்தையில் நின்றுவிட்டார். "குற்றமா? யார் மேல?" என்றார். அது பழைய பொருள், இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை, காற்றிலே மிதக்கிற ரொம்பச் சின்னப் பொடிக்குத்தான் இப்போது அந்த வார்த்தை என்று சொன்னேன். எவ்வளவு சின்னது என்று கேட்டார். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், சளியோடு வந்துவிடும். இது அங்கெல்லாம் நிற்காமல் உள்ளே கடைசி வரைக்கும் போகும், போனால் வராது, கீழேயும் சுலபத்தில் விழாது, மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"விழாதா?"

"விழாது."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. பிறகு அவரே சொன்னார். கல் அறுக்கிற மிஷின் ஓடும்போது பட்டறையில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. எல்லாரும் மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொள்வார்கள். மதியம் மிஷினை நிறுத்துவார்கள். கொஞ்ச நேரம் பொறுப்பார்கள். பெருந்தூள் காலடியில் விழும், வெள்ளைத்தூசி பலகைமேல் படியும், எதிரே நிற்கிறவன் மூஞ்சி தெரிய ஆரம்பிக்கும். அப்போது மூத்த ஆள் ஒருத்தர் "அடங்கிருச்சு" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் வந்த பிறகுதான் எல்லாரும் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, அங்கேயே துண்டை விரித்து அரைமணி நேரம் கண் அசருவார்கள். அந்த மூத்த ஆள் பதினாறு வருஷமாக இவர்தான்.

"நான் சொல்லித்தான் சார்... எல்லாரும் அவுத்தாங்க" என்றார். "ரெண்டு பேர் போய்ட்டாங்க. டிபின்னு சொன்னாங்க... நானும் டிபின்னுதான் நெனச்சேன்."

அதிலிருந்து அவர் பேச்சில் தூசி வேறு, துகள் வேறு. எங்கள் அச்சகத்தில் பெரிய பெரிய எழுத்தாளர்களெல்லாம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், நானும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறேன். அவர் விடமாட்டார். மனைவி, "ஜன்னல்ல தூசியா இருக்குங்க" என்றால், "அது தூசிதான், அது ஒண்ணும் பண்ணாது, நீ துடை" என்பார். வெயில் பட்டை வருகிறபோது மட்டும்தான் அந்த இன்னொரு வார்த்தை வாயில் வரும். அதையும் மெதுவாகத்தான் சொல்வார்.

இத்தனைக்கும் அவருக்குத் தன்னைப் பற்றிக் கவலை இல்லை. "நம்ம கதை முடிஞ்சுது" என்று சாதாரணமாகச் சொல்வார், பேருந்து போய்விட்டது என்கிற மாதிரி. அவர் கவலையெல்லாம் மச்சினனைப் பற்றி. மனைவியின் கூடப்பிறந்த தம்பி, முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். பத்து வருஷத்துக்கு முன்னால் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைத் தன் கையால் கூட்டிப்போய்ப் பட்டறையில் சேர்த்துவிட்டவர் இவர். விளிம்பு தேய்க்கக் கற்றுக்கொடுத்ததும் இவர். இன்றைக்கு இவர் நின்ற அதே இடத்தில், இவர் பிடித்த அதே மிஷினை அவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் இருமுகிறான். வேலையை விட்டுவிடு என்றால், "வேற எங்க போறது மாமா? எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதே கல்லுதான்" என்கிறான். அவன் சொல்வதும் சரிதான்.

நான்தான் மனு எழுதலாம் என்றேன். வந்து அளந்து பார்த்து, காற்றில் அளவுக்கு மேல் இருக்கிறது என்று அதிகாரிகள் எழுதிவிட்டால் போதும். தண்ணீர் பாய்ந்துகொண்டே அறுக்கிற மிஷினும், காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற குழாயும் பட்டறைக்காரர் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்படி வைத்துவிட்டால் மச்சினன் பிழைத்துக்கொள்வான். இது அவருக்குப் புரிந்தது. தலையைத் தலையை ஆட்டினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் வெறுமனே ‘அது’ என்று சொன்ன இடத்திலெல்லாம் நான் நுண்துகள் என்று போட்டேன். படித்துக் காட்டியபோது ஒரு இடத்தில் நிறுத்தி, "இது தூசிதான் சார், இத மாத்துங்க" என்றார். மாற்றினேன். பெருமையாக இருந்தது, அவருக்கும் எனக்கும்.

நாலு மாசம் கழித்து ஆய்வாளர் வருகிறார் என்று கடிதம் வந்தது. மனு கொடுத்தவரும் பட்டறையில் இருக்கவேண்டும் என்று போட்டிருந்தது. எனக்கு அன்றைக்கு அச்சகத்தில் முடிக்கவேண்டிய வேலை. பதினொரு மணிக்கு வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லி அவரை மட்டும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். அங்கேதான் எல்லாம் கெட்டது.

ஏழரைக்கே போய்விட்டார். அவர் காலத்தில் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கல் பார்க்க வாடிக்கைக்காரர்கள் வருகிற நாளில் முன்கூட்டியே தரையில் தண்ணீர் அடித்து, பலகைகளைக் குழாயால் கழுவி, கூரைத் தகரம் முதற்கொண்டு நனைத்து வைப்பார்கள். வருகிறவர் துணி கெட்டுவிடக்கூடாது. மற்ற நாளில் தண்ணீர் கிடையாது. தண்ணீர் ஊற்றினால் சேறாகும், ஒயரில் ஷாக் அடிக்கும், வேலை ஓடாது என்பார் முதலாளி. ஆள் வருகிற நாளில் தண்ணீர் அடிக்கச் சொல்லி முதலாளி வாயைத் திறக்கவே வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் அதை முன்னால் நின்று செய்தவர் இவர். அன்றைக்கு உள்ளே நுழைந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை வெளேர் என்று கிடக்கிறது. ஒரு பெண் அதிகாரி வரப்போகிறாள். அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குழாயை எடுத்துவிட்டார்.

நான் போனபோது பட்டறை கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. மச்சினன் சட்டைக் காலரில் காற்றை அளக்கிற ஒரு சின்னக் கருவியை மாட்டியிருந்தார்கள். இடுப்பில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பம்பு, உர்ர் என்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அவன் கல் அறுத்துக்கொண்டிருந்தான். பத்து அடி சேர்ந்தாற்போல் நடக்க முடியாத இந்த மனிதர், பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, பிளேடு கல்லைத் தொடுகிற இடத்தில் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அப்படித்தான் நிற்கிறாராம். மூச்சு இரைக்கிறது, குழாயை விடவில்லை. கருவி கழற்றுகிற மட்டும் விடவில்லை.

அதைப் பார்த்ததும் நான் ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கியிருக்கவேண்டாமா? இல்லை. நான் வாசலில் நின்று, பரவாயில்லையே, இடத்தை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். நுண்துகள் என்று பதினாலு இடத்தில் எழுதின கை இது. என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

கிளம்புகிற சமயத்தில் ஆய்வாளர் அம்மா அவரைப் பார்த்து, எப்போதும் இப்படி நனைத்துத்தான் அறுப்பீர்களா என்று கேட்டாள். நல்லவிதமாகத்தான் கேட்டாள். "எப்பவும் இப்படித்தாங்க" என்றார் அவர். அவள் அதைத் தாளில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். முதலாளி அவர் தோளைத் தட்டி, நீங்க இல்லாம பட்டறை பட்டறையாவே இல்லை என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த களையை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மச்சினன் சொன்னான்: "மேடம் வந்துட்டுப் போன அன்னைக்குத்தான் மாமா, விடியற வரைக்கும் இருமாம தூங்கினேன்." எல்லாரும் சிரித்தோம்.

ஒன்றரை மாசத்தில் பதில் வந்தது. அவர் வெயில் பட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். படிங்க சார் என்றார். படித்தேன். பட்டறைக் காற்றில் நுண்துகளின் அளவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கிறது. வேலை எப்போதும் நனைத்தே செய்யப்படுவதாக மனுதாரரே எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறார். ஆகவே மேல் நடவடிக்கை தேவையில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். வரம்புக்குள் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது, ஆனால் அவர் கண் என்னை விடவில்லை.

"தண்ணி... நான்தானே சார் ஊத்துனேன்."

நான் கடிதத்தை மடித்தேன்.

"வெளியாள் முன்னாடி... நம்ம எடத்த அசிங்கமாக் காட்டுவாங்களா சார்? வாயில வரல... அப்படிச் சொல்ல."

நான் விடாமல் ஓடினேன். நடந்ததையெல்லாம் விவரமாக இரண்டாவது மனு எழுதினேன். அலுவலகத்துக்கு ஆறு தடவை நடந்தேன். ஒருமுறை அளந்த இடத்தை மறுபடி அளக்க ஒரு வருஷம் ஆகவேண்டும் என்றார்கள். சொன்ன வார்த்தைக்கு அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார், இப்போது மாற்றிச் சொன்னால் எதை நம்புவது என்றும் கேட்டார்கள். ஒரு வருஷம் என்பது அவர்களுக்கு நாள்காட்டியில் இருக்கிறது. மச்சினனுக்குக் காலை இருமல் இப்போது அரைமணி நேரம் ஆகிறது.

பட்டறையில் மறுபடி தண்ணீர் கிடையாது. குழாய் சுருட்டிச் சுவரில் மாட்டியபடியே இருக்கிறதாம், ஆள் வந்தால் எடுக்கலாம் என்று. மதியம் இப்போது மச்சினன்தான் "அடங்கிருச்சு" என்று குரல் கொடுக்கிறான். அந்தக் குரல் கொடுக்காதே, வெளியே போய்ச் சாப்பிடு என்று இவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். வெளியே ரோட்டு வெயிலில் எங்கே உட்காருவது மாமா என்று கேட்டுவிட்டான். மனைவி யாரையும் குறை சொல்வதில்லை. கணவர் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், அவள் யாரைச் சொல்வாள்? இரண்டு பேருக்கும் தண்ணீர் காய்ச்சி வைக்கிறாள், இரண்டு பேர் இருமலையும் தனித்தனியாக அடையாளம் தெரிகிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

வேலைக்குப் போகிற வழியில் அக்கா கையால் சாப்பாட்டு டப்பா வாங்கிக்கொண்டு போவது மச்சினன் வழக்கம். வாசற்படியிலேயே நிற்பான், உள்ளே வரமாட்டான். வேலைச் சட்டையோடு உள்ளே வரக்கூடாது என்பது மாமா உத்தரவு. இன்று காலை நான் அங்கே இருந்தேன். அக்கா குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். டப்பா மேஜைமேல் தயாராக இருந்தது. முதலாளி அவசரப்படுத்துகிறார் போலிருக்கிறது, அவன் சட்டைப்பையில் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. யோசிக்காமல் விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டான். வெயில் பட்டைக்கு நேர் நடுவில் நின்று குனிந்து டப்பாவை எடுத்தான். நேற்றுப் போட்ட அதே சட்டை.

அவன் தோளிலிருந்தும் கைமடிப்பிலிருந்தும் வெள்ளையாக எழும்பியது. மின்விசிறி ஓடவில்லை. கொஞ்சம் மேஜைமேல் இறங்கிப் படிந்தது. மிச்சம் அவன் முகத்தைச் சுற்றி அப்படியே நின்றது, மேலேயும் போகாமல், கீழேயும் வராமல்.

அவர் எழுந்தார். கம்பைத் தேடவில்லை, நாற்காலிக் கையைப் பிடிக்கவில்லை. தோளிலிருந்த ஈரத்துணியை இழுத்து மச்சினன் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடினார். இன்னொரு கையால் அவன் பின்தலையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் அவன் கழுத்து வழியாக வடிந்து சட்டையை நனைத்தது.

"மாமா" என்றான் அவன் துணிக்குள்ளிருந்து. கைப்பேசி மறுபடி அடித்தது.

"இரு" என்றார். "அடங்கட்டும்."

அவன் டப்பாவைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். அக்கா ஈரக்கையோடு கதவருகே வந்து நின்றாள். வெயில் எதிர்வீட்டுத் தொட்டிக்குப் பின்னால் போய், அறையில் மிதப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.